நர்சிங் அசிஸ்டென்ட் பயிற்சியில் சேரப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேர்வதற்கு முன்பும், வகுப்பு தொடங்கிய முதல் சில வாரங்களிலும் மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. விதிகள் நாட்டுக்கு நாடு, ஏன், ஒரே ஊரில் மருத்துவமனைக்கு மருத்துவமனை கூட மாறும். ஆனால் நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்தில் நடக்கும் வேலை எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

நர்சிங் அசிஸ்டென்ட் என்றால் நர்ஸா?

இல்லை. இதில் குழப்பமே வேண்டாம். நர்ஸ் கூடுதல் காலம் படித்து, பதிவு பெற்று, மருந்து கொடுப்பது, நோயாளியின் நிலையை மதிப்பிடுவது போன்ற பொறுப்புகளை ஏற்பவர். அசிஸ்டென்ட் அவருடைய மேற்பார்வையில் வேலை செய்பவர். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, சாப்பாடு ஊட்டுவது, கழிப்பறைக்கு அழைத்துப்போவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது, காய்ச்சல், நாடி, பி.பி. பார்த்துக் குறித்து வைப்பது எல்லாம் உங்கள் கையில் வரும்.

இதோடு கவனிப்பது என்று ஒரு வேலையும் இருக்கிறது. வேலைப் பட்டியலில் அது பெரும்பாலும் ஒரு வரியாகத்தான் இருக்கும். டாக்டர் ஒரு நாளில் சில நிமிடங்கள்தான் வருவார். நர்ஸுக்குப் பல நோயாளிகள். ஒருவருடைய தோலைத் தலை முதல் கால் வரை பார்ப்பவர் குளிப்பாட்டும் நீங்கள்தான். நேற்று முழுதாகச் சாப்பிட்டவர் இன்று பாதியோடு தட்டை ஒதுக்கினால் அதுவும் உங்களுக்குத்தான் முதலில் தெரியும். இந்தப் பயிற்சியின் பாதி, கண்ணைப் பழக்குவதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

சேர என்ன தகுதி வேண்டும்? சயின்ஸ் படித்திருக்க வேண்டுமா?

பள்ளிப் படிப்பு, குறைந்தபட்ச வயது, உடல் தகுதிச் சான்று, தடுப்பூசி விவரம் ஆகியவை பொதுவாகக் கேட்கப்படும். காசநோய்ப் பரிசோதனையும், குற்றப் பின்னணி இல்லை என்ற சான்றும் பல இடங்களில் உண்டு. சயின்ஸ் குரூப் படித்திருந்தால் வசதி, இல்லாவிட்டால் பாதகமில்லை. தெளிவாக எழுதத் தெரிய வேண்டும், கூட்டல் கழித்தல் பிழையில்லாமல் வர வேண்டும். ஒருவர் எத்தனை மில்லி குடித்தார், எத்தனை மில்லி சிறுநீர் போனது என்பதைக் கூட்டி எழுதும் வேலை தினமும் இருக்கும்.

எத்தனை நாள் படிப்பு?

சில வாரங்களில் முடிவதும் உண்டு, ஒரு வருடம் போவதும் உண்டு. அமெரிக்காவில் 1987-ல் வந்த கூட்டாட்சிச் சட்டத்தின்படி, முதியோர் பராமரிப்பு இல்லங்களில் வேலை பார்ப்பவர்களுக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி வேண்டும். அதில் குறைந்தது 16 மணி நேரம் மேற்பார்வையோடு கூடிய செய்முறை. பல மாநிலங்கள் இதைவிட அதிகமாகக் கேட்கின்றன. வேறு நாடுகளில் கணக்கு வேறு.

மொத்த மாதங்களைப் பார்த்து மயங்க வேண்டாம். அதில் எத்தனை மணி நேரம் உண்மையான நோயாளிகளோடு என்று கேளுங்கள். ஆறு மாதம் பெஞ்சில் உட்கார்ந்து நோட்ஸ் எழுதியவரைவிட, ஆறு வாரம் வார்டில் நின்றவர் கை பழகியிருக்கும்.

நல்ல பயிற்சி நிலையத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பணம் கட்டுவதற்கு முன் நேரில் போய்ப் பாருங்கள். செய்முறை அறையில் கட்டில் இருக்கிறதா, சக்கர நாற்காலியின் பிரேக் வேலை செய்கிறதா, பி.பி. கருவியின் பட்டைகள் பல அளவுகளில் இருக்கின்றனவா? பயிற்சிக்கான பொம்மை புதுசாகப் பளபளவென்று கண்ணாடி அலமாரிக்குள் இருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். மாணவர்கள் கை பட்டுத் தேய்ந்த பொம்மைதான் நல்ல அறிகுறி.

அப்புறம் சில கேள்விகளை நேராகவே கேட்டுவிடுங்கள். சான்றிதழை எந்த அரசுத் துறை அல்லது கவுன்சில் அங்கீகரிக்கிறது? எந்த மருத்துவமனையில், எந்த வார்டில் பயிற்சி? வார்டில் ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள்? தேர்வுக் கட்டணம், சீருடை எல்லாம் சேர்த்துச் சொன்ன தொகையா, பின்னால் தனித்தனியாக வருமா? பாதியில் நிறுத்தினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? பதில்களை எழுத்தில் வாங்குங்கள். அங்கீகாரம் உண்டு என்று அவர்கள் சொன்னால், அங்கீகரித்ததாகச் சொல்லப்படும் துறையிடமே ஒருமுறை கேட்டுச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. “நூறு சதவீதம் வேலை உறுதி” என்ற விளம்பரத்துக்கு நான் பெரிய மதிப்புக் கொடுப்பதில்லை. ஏற்கெனவே படித்து முடித்த இரண்டு பேரோடு பேச முடிந்தால் அது போதும்.

முழுவதும் ஆன்லைனில் படிக்க முடியுமா?

பாடத்தைப் படிக்கலாம். ஒரு பக்கம் செயலிழந்தவரை வீடியோ பார்த்து எழுப்பி உட்காரவைக்க முடியாது. செய்முறையே இல்லாத சான்றிதழோடு வேலை கேட்டுப் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

முதலில் என்ன சொல்லித் தருவார்கள்?

கை கழுவுவது. “இதுகூடவா பாடம்?” என்று சிரிப்பவர்கள் உண்டு. 1847-ல் வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிரசவ வார்டுக்கு வரும் டாக்டர்கள் குளோரின் கலந்த நீரில் கை கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று வைத்தார். பிரசவத்துக்குப் பின் காய்ச்சலில் இறக்கும் தாய்மார்களின் எண்ணிக்கை சட்டென்று இறங்கியது. அன்றைக்குப் பெரும்பாலான மருத்துவர்கள் அவரை ஏற்கவில்லை. கிருமிகளைப் பற்றிய அறிவே அதற்குப் பிறகுதான் வலுப்பெற்றது.

இன்றைக்கு உலக சுகாதார நிறுவனம் ஐந்து தருணங்களைச் சொல்கிறது. நோயாளியைத் தொடும் முன், சுத்தமாகச் செய்ய வேண்டிய எந்தச் செயலுக்கும் முன், ரத்தம், சிறுநீர் போன்ற உடல் திரவங்கள் பட வாய்ப்புள்ள வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருள்களைத் தொட்ட பின். கடைசியைத்தான் எல்லோரும் மறப்பார்கள். கட்டிலின் கம்பியைப் பிடித்துவிட்டு அப்படியே அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள்.

சோப்பும் தண்ணீரும் என்றால் ஆரம்பத்திலிருந்து துடைப்பது வரை 40 முதல் 60 விநாடி. சானிடைசர் என்றால் 20 முதல் 30 விநாடி. கையில் அழுக்கு கண்ணுக்குத் தெரிந்தால் சானிடைசர் போதாது, கழுவியே ஆக வேண்டும். கிளவுஸ் போட்டிருந்தாலும் கழற்றிய பிறகு கழுவ வேண்டும். கிளவுஸில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கலாம், கழற்றும்போதும் கையில் படலாம்.

மலம், வாந்தி, ரத்தம் பார்த்தால் எனக்குக் குமட்டும். இந்த வேலை முடியுமா?

முதல் சில நாட்களில் அநேகமாக எல்லோருக்கும் குமட்டும். பெரும்பாலானவர்களுக்குப் பழகிவிடும். வெறும் வயிற்றோடு டியூட்டிக்குப் போகாதீர்கள். தேவையான துணி, தண்ணீர், கிளவுஸ், குப்பைப் பை எல்லாவற்றையும் முதலிலேயே எடுத்து வைத்துக்கொண்டால் வேலை சீக்கிரம் முடியும், பாதியில் வெளியே ஓட வேண்டியதில்லை.

முகத்தில் மட்டும் காட்டக் கூடாது. படுத்திருப்பவர் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். தன் உடம்பைப் பற்றி ஏற்கெனவே கூசிக்கொண்டிருப்பவர் அவர். இன்னொன்று: மலத்தின் நிறமும் தன்மையும் தகவல். தார் போலக் கறுப்பாகவோ ரத்தம் கலந்தோ போனால் கொட்டிவிடாமல் நர்ஸிடம் காட்ட வேண்டும். அப்படிப் பார்க்கப் பழகிய பிறகு அருவருப்பு பாதி குறைந்துவிடும்.

அடுத்தவரைக் குளிப்பாட்ட எனக்கே வெட்கமாக இருக்கிறது. அதுவும் எதிர்ப் பாலினத்தவர் என்றால்?

உங்களைவிட அவருக்கு வெட்கம் அதிகம். கதவைச் சாத்துங்கள், திரையை இழுங்கள், செய்யப்போவதை முன்கூட்டியே சொல்லுங்கள். முழு உடம்பையும் திறந்து போட வேண்டிய அவசியமே இல்லை. கழுவும் பகுதியை மட்டும் திறந்து, துடைத்து, மூடிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். “இவர் பார்க்க வேண்டாம்” என்று நோயாளி சொன்னால் கோபப்படாமல் நர்ஸிடம் சொல்லி வேறு ஆளை ஏற்பாடு செய்யுங்கள்.

வரிசை முக்கியம். கண்ணிலிருந்து தொடங்குவோம், சோப்பு இல்லாத தண்ணீரில், மூக்குப் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, ஒரு கண்ணுக்குப் பட்ட துணியின் பகுதி இன்னொரு கண்ணுக்குப் படாமல். பிறப்புறுப்பை முன்னிருந்து பின்னாகத்தான் துடைக்க வேண்டும். திருப்பிச் செய்தால் சிறுநீர்த் தொற்று வர வாய்ப்பு உண்டு. பக்கவாதம் வந்தவருக்குச் சட்டை போடும்போது பலவீனமான கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுங்கள்.

அவரே செய்யக்கூடியதை அவரே செய்யட்டும். முகத்தை அவரால் துடைத்துக்கொள்ள முடியுமென்றால் துணியை அவர் கையில் கொடுங்கள். நீங்கள் செய்தால் சீக்கிரம் முடியும்தான். ஆனால் பிறர் செய்துவிடும் வேலையை உடம்பு சீக்கிரம் மறந்துவிடும்.

ஆளைத் தூக்கும் வேலையாமே? என் முதுகு என்ன ஆகும்?

நியாயமான பயம். இந்தத் தொழிலில் முதுகுவலிதான் பலரை வீட்டுக்கு அனுப்புகிறது. அதனால் பயிற்சியில் இந்தப் பகுதியை மட்டும் தவறவே விடாதீர்கள்.

முதலில், தூக்காமல் முடியுமா என்று பாருங்கள். நகர்த்தும் விரிப்பு இருந்தால் இழுக்கலாம், தூக்கும் கருவி இருந்தால் அதைப் பயன்படுத்தலாம், பயிற்சியும் இரண்டாவது ஆளும் இருந்தால். கட்டிலின் உயரத்தை உங்கள் இடுப்பு மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். கால்களை அகட்டி நின்று, முழங்காலை மடக்கி, ஆளை உடம்போடு நெருக்கமாக வையுங்கள். பாரத்தோடு இடுப்பை முறுக்கக் கூடாது, திரும்ப வேண்டுமென்றால் பாதத்தை நகர்த்துங்கள். அக்குளில் கை கொடுத்துத் தூக்குவது பார்க்கச் சுலபம், ஆனால் நோயாளியின் தோள்மூட்டு விலகிவிடலாம்.

சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது நாற்காலியை அவருடைய பலமான பக்கம் வைத்து, இரண்டு பிரேக்கையும் போட்டு, கால் தாங்கிகளை விலக்குங்கள். படுத்தவரை உடனே நிற்கவைக்காதீர்கள். கட்டில் ஓரத்தில் சற்று உட்காரட்டும், தலை சுற்றுகிறதா என்று கேளுங்கள். நடக்கும்போது விழப் போகிறார் என்று தெரிந்தால் பிடித்து நிறுத்த முயலக் கூடாது. உங்கள் காலோடு சாய்த்து மெதுவாகத் தரையில் இறக்குங்கள், தலை அடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இறக்கிய பிறகு நீங்களாக எழுப்பாதீர்கள், நர்ஸ் வந்து பார்க்கட்டும்.

நாடி, பி.பி. பார்ப்பது கஷ்டமா?

கை பழகினால் கஷ்டமில்லை. ஓய்வாக இருக்கும் பெரியவருக்கு நாடி நிமிடத்துக்கு 60 முதல் 100, சுவாசம் 12 முதல் 20, உடல் வெப்பம் 37 டிகிரி செல்சியஸை ஒட்டி, ஆக்சிஜன் அளவு பொதுவாக 95 சதவீதத்துக்கு மேல். பி.பி. 120-க்கு 80-க்குக் கீழ் இருந்தால் இயல்பு. இவை மனப்பாடமாக இருக்க வேண்டும். அதே நேரம், அந்த நோயாளிக்கு வழக்கமான எண் என்ன என்பதும் தெரிய வேண்டும். நுரையீரல் நோய் உள்ள ஒருவருக்கு ஆக்சிஜன் இலக்கையே டாக்டர் குறைத்து வைத்திருக்கலாம்.

சுவாசத்தை எண்ணும்போது சொல்லிவிட்டு எண்ணாதீர்கள். தெரிந்தால் ஆள் மூச்சை மாற்றிவிடுவார். நாடி பார்த்த கையை எடுக்காமல் மார்பின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து எண்ணுவதுதான் வழக்கம். நாடி சீராக இல்லையென்றால் முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பி.பி. பட்டை கைக்குச் சின்னதாக இருந்தால் அளவு பொய்யாகக் கூடிக் காட்டும். கை இதய மட்டத்தில் இருக்க வேண்டும். நகப்பாலிஷ் போட்ட விரலில் ஆக்சிஜன் கருவி தவறாகக் காட்டக்கூடும்.

காதில் சத்தம் சரியாகக் கேட்கவில்லையா? மீண்டும் எடுங்கள், அல்லது நர்ஸைக் கூப்பிடுங்கள். முந்தைய எண்ணைப் பார்த்து உத்தேசமாக ஒன்றை எழுதுவதுபோல ஆபத்து வேறில்லை. மருந்து கொடுப்பவர் அந்த எண்ணை நம்பித்தான் கொடுப்பார்.

படுக்கைப்புண்ணைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

வந்தால் ஆறுவதற்கு மாதக்கணக்காகும், தொற்றாகி உயிருக்கே ஆபத்தாகலாம், பெரும்பாலும் தடுக்கவும் முடியும். இடுப்பின் பின்புறம், குதிகால், இடுப்பெலும்பின் பக்கவாட்டு, முழங்கை, பின்மண்டை என்று எலும்பு தோலை அழுத்தும் இடங்களைத் தினமும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துத் திரும்பச் சிவக்க வேண்டும். வெளுக்காமல் அப்படியே இருந்தால் புண் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது, அங்கே சூடு, வீக்கம், தடிப்பு, வலி ஆகியவற்றைத் தடவிப் பார்த்தும் கேட்டும்தான் அறிய வேண்டும். சிவந்த இடத்தைத் தேய்த்து விடக் கூடாது, கீழே உள்ள திசு இன்னும் சேதமாகும்.

படுத்தே இருப்பவரைச் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புவது வழக்கம். நோயாளிக்கேற்ப நர்ஸ் இதை மாற்றுவார். ஈரமான டயப்பரை அப்படியே விடாதீர்கள். விரிப்பில் சுருக்கம் கூடாது.

சாப்பாடு ஊட்டுவதில் என்ன பயிற்சி?

விழுங்கச் சிரமப்படுபவருக்கு ஒரு கரண்டி நுரையீரலுக்குள் போய்விட்டால் நிமோனியா வரலாம். முடிந்தவரை நிமிர்த்தி உட்காரவையுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்தது. முடிந்த பின்னும் அரை மணி நேரமாவது சாய்க்காதீர்கள். சாப்பிடும்போது இருமல், குரல் ஈரமாக மாறுவது, கன்னத்தில் சாப்பாடு தங்குவது எல்லாம் நிறுத்திவிட்டு நர்ஸைக் கூப்பிட வேண்டிய அடையாளங்கள்.

எதெல்லாம் செய்யக் கூடாது?

விதிகள் இடத்துக்கு இடம் மாறினாலும், பொதுவாக மருந்து கொடுப்பது, ஊசி போடுவது, டிரிப்பின் வேகத்தை மாற்றுவது, நோய் என்ன என்று சொல்வது இவை உங்கள் வேலை இல்லை. டிரிப் நின்றுபோனால் சொல்லலாம், திருகக் கூடாது. ஸ்கேனில் என்ன வந்தது என்று உறவினர் கேட்டால், “டாக்டரையோ நர்ஸையோ உங்களிடம் சொல்லச் சொல்கிறேன்” என்பதோடு நிறுத்துங்கள்.

ஆள் பற்றாக்குறை உள்ள இடத்தில் “நீயே போட்டுவிடேன்” என்று யாராவது மூத்தவர் சொல்லும் நாள் வரும். “எனக்கு அதற்குப் பயிற்சி இல்லை சிஸ்டர், நீங்கள் செய்யுங்கள், நான் பக்கத்தில் நிற்கிறேன்” என்று மரியாதையாக மறுக்கப் பழகிக்கொள்ளுங்கள். ஏதாவது ஆகிவிட்டால் சொன்னவர் பெயர் சார்ட்டில் (நோயாளியின் பதிவேட்டில்) இருக்காது. நோயாளியின் படத்தையோ கதையையோ வாட்ஸ்அப்பில் போடுவதும் இதே பட்டியல்தான், முகம் தெரியாவிட்டாலும்கூட.

சார்ட்டில் எப்படி எழுதுவது?

பார்த்ததை எழுதுங்கள், நினைத்ததை எழுதாதீர்கள். “நோயாளி சோர்வாக இருந்தார்” என்பதைவிட, “காலை 8 மணிக்குச் சாப்பாட்டில் கால்வாசி எடுத்தார், இரண்டு முறை கூப்பிட்ட பிறகு கண் திறந்தார்” என்பது டாக்டருக்குப் பயன்படும். அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். செய்யும் முன் எழுதக் கூடாது. தப்பாக எழுதினால் ஒரே கோடாக அடித்து, கையெழுத்திட்டு, சரியானதைப் பக்கத்தில் எழுத வேண்டும். வெள்ளை மை பூசினால் மறைத்ததாக ஆகிவிடும்.

சில விஷயங்கள் எழுதும்வரை காத்திருக்காது. திடீரென முகம் ஒரு பக்கம் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால், நெஞ்சுவலி என்றால், மூச்சு திணறினால், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் குழம்பிப் பேசினால் உடனே கூப்பிடுங்கள். கதீட்டர் (சிறுநீர் வடிக்கும் குழாய்) போட்டவருக்குச் சிறுநீர் மணிக்கு 30 மில்லிக்குக் கீழே இறங்கினாலும் சொல்ல வேண்டும். அந்தச் சிறுநீர் சேரும் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையைத் தொடக் கூடாது.

எனக்குத் தொற்று வந்துவிடாதா?

கவனமாக இருந்தால் வாய்ப்பு குறைவு. வார்டுக்குள் போகும் முன்பே மஞ்சள் காமாலை பி தடுப்பூசியைத் தொடங்கிவிடுங்கள். வழக்கமான அட்டவணையில் மூன்று டோஸ்: முதல் டோஸ், ஒரு மாதம் கழித்து, பிறகு ஆறாவது மாதம். நீங்கள் யாருக்கும் ஊசி போடாவிட்டாலும், விரிப்பை உதறும்போது அதில் கிடக்கும் ஊசி குத்தலாம். அதனால் விரிப்பை உதறாதீர்கள், உடம்போடு அணைத்தும் தூக்காதீர்கள். குத்திவிட்டால் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, அப்போதே மேலதிகாரியிடம் சொல்லுங்கள். எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள், முடிந்தவரை சில மணி நேரத்திலேயே தொடங்க வேண்டும். திட்டுவார்களோ என்று மறைப்பதுதான் பெரிய ஆபத்து.

மறதி நோய் உள்ளவர் திட்டினால், அடித்தால்?

வாதாடாதீர்கள். இறந்துபோன மனைவியைத் தேடுபவரிடம் “அவர் இறந்துவிட்டாரே” என்றால் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்கும் சாவு அது. “அவரைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று பேச்சை வளர்க்கலாம். கோபத்துக்குப் பின்னால் பெரும்பாலும் வலி, பசி, சிறுநீர் முட்டுவது, பயம் ஏதாவது இருக்கும். முன்பக்கமாக வந்து, கண் மட்டத்தில் நின்று, ஒரு நேரத்தில் ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்கள். கை ஓங்கினால் விலகி நின்று, சற்று நேரம் கழித்து முயலுங்கள். அடிபட்டால் பதிவு செய்யுங்கள். நோயாளிதானே என்று விட்டுவிட்டால் அடுத்த ஷிப்டில் வருபவருக்கு எச்சரிக்கை இருக்காது.

நாம் பார்த்துக்கொண்ட நோயாளி இறந்துபோனால்?

நடக்கும். சிலருக்கு முதல் மாதமே நடக்கும். கடைசி நேரத்தில் வாயை ஈரப்படுத்துவது, பக்கம் மாற்றிப் படுக்கவைப்பது, குடும்பம் பக்கத்தில் உட்கார இடம் செய்து தருவது போன்ற வேலைகள் உங்களுடையவை. நினைவில்லாதவருக்குக் காது கேட்கக்கூடும் என்ற எண்ணத்தில், அவர் முன்னால் என்ன பேசலாமோ அதை மட்டும் பேசுங்கள். இறந்த பிறகு உடலைச் சுத்தம் செய்யும்போதும் திரை மூடியே இருக்க வேண்டும். அழுகை வந்தால் வரட்டும், பத்து நிமிடம் வெளியே போய்விட்டு வாருங்கள். பல நாளாகத் தூக்கம் வராமல் இருந்தால் ஆசிரியரிடமோ மூத்தவரிடமோ பேசுங்கள்.

தேர்வில் பலர் எங்கே தவறுகிறார்கள்?

கடினமான இடத்தில் அல்ல. கை கழுவ மறப்பது, நோயாளியின் பெயரைச் சரிபார்க்காதது, பிரேக் போடாதது, திரை இழுக்காதது, கிளம்பும்போது அழைப்பு மணியை அவர் கைக்கெட்டும் இடத்தில் வைக்காதது. வீட்டில் யாரையாவது நோயாளியாகப் படுக்கவைத்து, ஒவ்வொரு அடியையும் வாய்விட்டுச் சொல்லிச் செய்து பழகுங்கள்.

எனக்கு 45 வயது. சேரலாமா?

உடம்பு ஒத்துழைத்தால் தாராளமாக. வீட்டில் முதியவர்களைப் பார்த்துக்கொண்ட அனுபவம் இருந்தால் பாதி தூரம் ஏற்கெனவே வந்துவிட்டீர்கள். இரவு ஷிப்ட் ஒத்துவருமா என்பதை மட்டும் நன்றாக யோசியுங்கள்.

பின்னால் நர்ஸ் ஆக முடியுமா?

அதற்குத் தனிப் படிப்பு, தனிச் சேர்க்கை. இந்தச் சான்றிதழ் தானாக மாறாது. ஆனால் வார்டு எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டு அந்தப் படிப்புக்குப் போவது பெரிய வசதி.

முதல் நாள் என்ன கொண்டுபோக வேண்டும்?

விநாடி முள் உள்ள வாட்ச், சட்டையில் குத்திக்கொள்ளும் வகை என்றால் இன்னும் நல்லது. வழுக்காத, முன்புறம் மூடிய ஷூ. சின்ன நோட்டு, இரண்டு பேனா (ஒன்றை யாராவது வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்). நகத்தை வெட்டிவிடுங்கள், மோதிரத்தையும் வளையலையும் வீட்டில் வையுங்கள், முடியைக் கட்டுங்கள். சென்ட் வேண்டாம், குமட்டலோடு படுத்திருப்பவருக்கு அது தாங்காது.